தவறிய விடைகள் நான்கு வகை: பல் மருத்துவச் சேர்க்கைத் தேர்வும் நம் வகுப்பறைகளும்

பல் மருத்துவம் படிக்க எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் பதில் தெரியாது. மருத்துவத்துக்கு நீட் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். பல் மருத்துவத்துக்கும் அதே நீட்தான் என்பது பலருக்குத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரிகிறது.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் முதுகலை ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பாடம் நடத்துவதோடு எங்கள் பள்ளியின் நீட் பயிற்சி வகுப்பையும் கவனித்து வருகிறேன். இந்தத் தேர்வுக்கான தயாரிப்பு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. என் அனுபவம் வேறு. மாணவர்கள் மதிப்பெண்ணை இழக்கும் இடங்களைத் தேடிப்போனால், அவற்றில் பல மூன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தொடங்குகின்றன. ஆகவே இந்தக் கட்டுரை தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் உரியது.

தேர்வின் அமைப்பு

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு ஒன்றே. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என மொத்தம் 180 வினாக்கள். மொத்த மதிப்பெண் 720. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். விடையளிக்காத வினாவுக்குக் கூடுதலும் இல்லை, கழித்தலும் இல்லை. 2021 முதல் 2024 வரை 200 வினாக்கள் தந்து அவற்றில் 180க்கு விடை கேட்டார்கள். 2025இல் அந்த விருப்பத் தெரிவு நீக்கப்பட்டு, 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் என்று ஆனது. அதாவது, ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்.

சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்குள் மாணவருக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். அப்படிப் பெறும் தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் இடையே பொருள் வேறுபட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது.

நீட் தேர்வு வேண்டுமா என்ற விவாதம் நம் மாநிலத்தில் தொடர்ந்து நடந்து வருகிறது. அதன் முடிவு எதுவானாலும், இந்த ஆண்டு விண்ணப்பித்திருக்கும் மாணவர் இந்த ஆண்டே எழுதியாக வேண்டும். அந்த மாணவருக்கு நாம் செய்யக்கூடியதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குவோம்

பல் மருத்துவராக விரும்பும் மாணவர்கள் எழுதும் இந்தத் தேர்வில் பல் அமைப்பைச் சொல்லும் பாடப்பகுதியே இப்போது இல்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்காகப் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, செரிமானமும் உட்கிரகித்தலும் பகுதி நீக்கப்பட்டது. நம் மாநிலப் பாடநூலில் அந்தப் பாடம் இருக்கிறது. பள்ளித் தேர்வுக்கு அது வேண்டும். நீட் தேர்வுக்கான திருப்புதலில் அதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால், அந்த வாரம் வேறொரு பாடத்திலிருந்து குறையும்.

ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் நான் செய்யும் முதல் வேலை, அந்த ஆண்டின் அதிகாரப்பூர்வப் பாடத்திட்டத்தை அச்சிட்டு, நம் பாடநூலின் பொருளடக்கத்தோடு வரிவரியாக ஒப்பிடுவது. இரண்டிலும் இருப்பவை, பள்ளித் தேர்வுக்கு மட்டும் உரியவை, நீட் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று மூன்று பட்டியல்கள் கிடைக்கும். அவை வகுப்பறைச் சுவரில் ஆண்டு முழுவதும் ஒட்டப்பட்டிருக்கும். பழைய பயிற்சிக் கையேட்டை நம்பிப் படிக்கும் மாணவர் எங்கே நேரத்தை வீணாக்குகிறார் என்பதை அவரே சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

ஒரு விடை மாறினால் ஐந்து மதிப்பெண்

மாதிரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாணவருக்கு 110 விடைகள் சரி, 50 தவறு, 20 விடப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். 440இலிருந்து 50 கழிய, மதிப்பெண் 390. அந்த 50 தவறுகளில் 15ஐ மட்டும் அவர் திருத்திக்கொண்டால் 125 சரி, 35 தவறு. மதிப்பெண் 465. ஒரு புதிய பாடம்கூடப் படிக்காமல் 75 மதிப்பெண் உயர்கிறது. தவறு சரியாகும்போது கழிந்த 1 திரும்ப வருகிறது, 4 புதிதாகச் சேர்கிறது. எனவே ஒவ்வொரு திருத்தமும் 5 மதிப்பெண்.

இந்தக் கணக்கின் காரணமாகவே எங்கள் பயிற்சி வகுப்பில் தேர்வு எழுதும் நேரத்துக்கு இணையான நேரத்தைத் தவறுகளைப் படிக்கவும் ஒதுக்குகிறோம். ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு தவறுக் குறிப்பேடு இருக்கிறது. தவறிய ஒவ்வொரு வினாவின் எண்ணையும் எழுதி, அதன் எதிரே நான்கு எழுத்துகளில் ஒன்றை அவரே இட வேண்டும்.

தெ: பாடமே தெரியவில்லை.
ம: படித்தேன், மறந்துவிட்டேன் அல்லது குழப்பிக்கொண்டேன்.
ப: தெரிந்த விடைதான், வினாவைச் சரியாகப் படிக்கவில்லை.
க: வழிமுறை தெரியும், கணக்கிலோ விடைத்தாளில் வட்டம் நிரப்புவதிலோ சறுக்கிவிட்டேன்.

எழுத்தை இடுவது மாணவராகவே இருக்க வேண்டும். அவர் மனத்தில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரங்கள் எல்லாவற்றுக்கும் ‘ம’ போடுவார்கள். அருகில் உட்கார்ந்து, “இந்த வினாவை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு” என்று கேட்டால் உண்மை வெளிவரும். வாசிக்கும்போதே, “ஐயோ டீச்சர், ‘தவறான’னு கேட்டிருக்காங்க” என்பார்கள். அப்போது ‘ம’ அடிக்கப்பட்டு ‘ப’ ஆகும்.

நான்கு வகைக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் “இன்னும் நன்றாகப் படி” என்ற ஒரே அறிவுரையைத் தந்தால், ‘ப’ வகைத் தவறு செய்யும் மாணவர் ஏற்கனவே தெரிந்த பாடத்தை மீண்டும் மீண்டும் படித்துக்கொண்டே இருப்பார். மதிப்பெண் நகராது. தனக்கு உயிரியலே வராது என்று முடிவு கட்டிவிடுவார்.

‘ப’ வகை: தொடக்கப் பள்ளியின் பங்கு

ஒரு வினாவைப் பாருங்கள். மனித இதயம் பற்றிய தவறான கூற்று எது?

அ) வலது ஏட்ரியம் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைப் பெறுகிறது.
ஆ) மூவிதழ் வால்வு இதயத்தின் வலப்புறம் உள்ளது.
இ) நுரையீரல் தமனி ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை எடுத்துச் செல்கிறது.
ஈ) இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமனானது.

விடை ‘இ’. இதயப் பாடம் முழுவதும் தெரிந்த மாணவர்களும் ‘அ’ என்று குறிப்பதைப் பார்க்கிறேன். ‘அ’ சரியான கூற்று என்று கண்டதும் கை வட்டத்தை நிரப்பிவிடுகிறது. ‘தவறான’ என்ற சொல் கண்ணில் படவே இல்லை.

கூற்று-காரணம், பொருத்துக, ‘கீழ்க்கண்ட கூற்றுகளில் சரியானவை எவை’ போன்ற வடிவங்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் அந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்று மூன்றாவதாக ஒரு கேள்வி உள்ளே இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு மாதத்தில் வந்துவிடாது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இங்கே பெரிய உதவி செய்ய முடியும். அல்லாதது, தவிர, மட்டும், குறைந்தது, எப்போதும், சில வேளைகளில் போன்ற சொற்கள் வினாவின் திசையையே மாற்றுபவை. ‘பறக்காத பறவை எது’, ‘இவற்றுள் கனி அல்லாதது எது’ என்று கேட்டுவிட்டு, விடை சொல்வதற்கு முன் ‘கேள்வி என்ன கேட்கிறது’ என்று குழந்தையையே சொல்லவைத்தால் போதும். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் குழந்தைகள் வாசிக்கும் செயல்பாட்டுக் கட்டளைகளே இதற்கு நல்ல களம். விடையை விட வினாவைத் திரும்பச் சொல்லும் பழக்கம்தான் இங்கு முக்கியம்.

மேல்நிலை வகுப்பில் நான் கடைப்பிடிப்பது எளிய முறை. வினாவில் திசைமாற்றும் சொல் இருந்தால் பேனாவால் அதைச் சுற்றி வட்டமிட வேண்டும். ஒவ்வொரு தெரிவின் பக்கத்திலும் சரி, தவறு என்று குறித்த பிறகே விடைத்தாளைத் தொட வேண்டும். முதலில் நேரம் கூடுதலாக ஆகும். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

‘க’ வகை: கணித ஆசிரியரின் பங்கு

நீட் தேர்வில் கணிதம் தனிப் பாடமாக இல்லை. அதனால் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் சேரும் மாணவர்கள், இனி கணக்கே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இயற்பியல் 45 வினாக்களிலும் இயற்பிய வேதியியலிலும் கணக்கு காத்திருக்கிறது. தேர்வறையில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை.

0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு என்ன என்று கேட்டால், 0.001 என்பது 10⁻³ என்று கண்டுகொண்ட மாணவர் 3 என்று உடனே சொல்வார். அதைப் பத்து மடங்கு நீர்த்தால் என்ன என்று கேட்டால், செறிவு 10⁻⁴ ஆகிறது, எனவே 4 என்பார். அடுக்குக் குறி பழகாத மாணவர் நீர்த்ததால் எண் குறையும் என்று நினைத்து 2 என்று குறிப்பார். சூத்திரம் இருவருக்கும் தெரியும். வேறுபாடு ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் வரும் அறிவியல் குறியீட்டில் இருக்கிறது.

அடுக்குகள், பின்னங்கள், விகிதம், அலகு மாற்றம், தோராய மதிப்பு ஆகிய ஐந்தையும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நாம் நடத்துகிறோம். அவற்றை அறிவியல் எண்களைக் கொண்டும் கணித ஆசிரியர்கள் பயிற்சி தரலாம். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். இது எத்தனை மில்லிமீட்டர் என்று ஏழாம் வகுப்பில் கேட்கலாம். அந்தக் கேள்வியின் பயன் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தெரியும்.

தெரியாத வினாவை விட்டுவிட வேண்டுமா என்பதும் ஒரு கணக்கே. நான்கு தெரிவுகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கில் ஒரு முறை 4 வரும், மூன்று முறை 1 போகும். சராசரியாக ஒரு வினாவுக்குக் கிடைப்பது கால் மதிப்பெண். ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி ஏறத்தாழ 0.67. இரண்டை நீக்க முடிந்தால் 1.5. ஆனால் சராசரி என்பது பல முறை செய்தால் கிடைப்பது. 20 வினாக்களைக் கண்மூடித்தனமாகக் குறித்தவருக்கு 5 சரியானால் 5 மதிப்பெண் கூடும், 4 சரியானால் ஒன்றும் கூடாது, 3 மட்டும் சரியானால் 5 மதிப்பெண் குறையும். ஆகவே எங்கள் வகுப்பில் வைத்துள்ள விதி இது: இரண்டு தெரிவுகளைக் காரணம் சொல்லி நீக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம். ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் அடுத்த வினாவுக்குப் போகலாம். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது இந்தக் கணக்கை மாணவர்களையே செய்யச் சொன்னால், அந்தப் பாடத்துக்கும் உயிர் வரும்.

‘ம’ வகை: கலைச்சொல்லும் திருப்புதலும்

மறதிக்கு மருந்து இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது. இன்று படித்ததை நாளை, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்க வேண்டும். கோடிட்டு வாசிப்பதைவிட நினைவிலிருந்து எழுதுவது வலுவானது.

தமிழ்வழி மாணவர்களுக்கு மறதியோடு இன்னொன்றும் சேர்கிறது. பாடநூலில் படித்த சொல் ஒன்றாகவும், வினாத்தாளில் அச்சான சொல் வேறாகவும் இருக்கும். 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைகள் நீதிமன்றம் வரை சென்றன. அவற்றுக்குக் கருணை மதிப்பெண்ணாக 196 வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அந்த ஆணையை அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நம் மாணவர் இரண்டு மொழிச் சொல்லையும் அறிந்திருப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்பது.

ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் இரு பத்திச் சொற்பட்டியல் வைத்திருக்கிறோம். சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மாசிஸ், குன்றல் பிரிவு என்றால் மியாசிஸ், உந்தம் என்றால் மொமென்டம், இணைதிறன் என்றால் வேலன்சி. ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறார்கள். வினா புரியவில்லை என்றால் பக்கத்தில் உள்ள ஆங்கில வரியில் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க முடிந்தால் போதும். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்குப் பத்து அறிவியல் சொற்களை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கினால், மேல்நிலையில் எங்கள் வேலை பாதியாகும்.

‘தெ’ வகைக்கு நேரடியாகப் பாடம் நடத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் மற்ற மூன்று வகைகளையும் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சும் ‘தெ’ பட்டியல், மாணவர் பயந்ததைவிடச் சிறியதாகவே இருக்கிறது.

180 நிமிடங்களைப் பங்கிடுவது

நேரப் பங்கீட்டை மாணவருக்கு ஏற்ப மாற்றலாம். எங்கள் வகுப்பில் தொடங்கும் அளவு இது: உயிரியலுக்கு 45 நிமிடங்கள், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60. மீதி 25 நிமிடங்கள் விட்ட வினாக்களுக்கும் விடைத்தாள் சரிபார்ப்புக்கும். பேனாவால் ஒருமுறை நிரப்பிய வட்டத்தை மாற்ற முடியாது. ஒரு வினாவை விட்டுத் தாண்டும்போது அடுத்த விடையை அதன் வட்டத்திலேயே நிரப்பிவிடுவதும் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு பத்து வினாவுக்கும் எண்ணைச் சரிபார்க்கப் பழக்குகிறோம். தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குவதால், மாதிரித் தேர்வுகளில் சிலவற்றையாவது அதே நேரத்தில், அதே வெயிலில் நடத்துவது நல்லது.

7.5 விழுக்காடும் ஆறாம் வகுப்பும்

2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இதற்கான அடிப்படைத் தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. இடையில் ஓர் ஆண்டு மட்டும் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பிய மாணவர் இந்த வாய்ப்பை இழக்க நேரிடலாம். ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். எட்டாம் வகுப்பு முடிந்து பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியவர் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் சொல்லும்போது எதையும் மாற்ற முடியாது.

பதிவேடுகளும் அப்படியே. முதல் வகுப்பில் எழுதப்படும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவையே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை செல்கின்றன. ஆதார் அட்டையில் ஓர் எழுத்து மாறியிருந்தால் விண்ணப்ப நேரத்தில் அந்தக் குடும்பம் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைகிறது. படிக்க வேண்டிய நாள்கள் அதில் போகின்றன. ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். நீட் எழுதித் தகுதி பெற்றாலே இடம் கிடைத்துவிடாது. முடிவு வந்த பிறகு மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

பல் மருத்துவம் என்பது என்ன என்று முன்பே சொல்வோம்

எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பி.டி.எஸ். என்ற ஒரே வரியில்தான் இந்தப் படிப்பு நம் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. அது என்ன படிப்பு என்று யாரும் சொல்லாததால், கலந்தாய்வில் இடம் வந்து நிற்கும் நேரத்தில் மாணவருக்கு முடிவெடுக்கத் தெரிவதில்லை.

பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சிப் பணியும் கொண்டது. முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றோடு பல் உடற்கூறியலும் உண்டு. மாணவர்கள் மெழுகுக் கட்டியைச் செதுக்கி ஒவ்வொரு பல்லின் வடிவத்தையும் செய்து பழகுகிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சேர்க்கைத் தேர்வில் ஒரு காலத்தில் சுண்ணக்கட்டியைச் செதுக்கிக் காட்டும் பகுதியே இருந்தது. பிறகு அதற்குப் பதிலாக வடிவங்களையும் கோணங்களையும் கண்ணால் அளந்து விடை சொல்லும் பகுதி வந்தது. நம் தேர்வு கைத்திறனைக் கேட்பதில்லை. படிப்பும் தொழிலும் கேட்கும். களிமண்ணிலும் சோப்பிலும் உருவம் செய்யும் குழந்தையை, ஓவியத்தில் அளவு பிசகாமல் வரையும் குழந்தையைக் கவனிக்கும் ஆசிரியர்களிடம் இந்தச் செய்தி இருக்கட்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பயிற்சி வகுப்பு மாணவர்கள் ஆறு பேரை உரிய அனுமதியுடன் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். பல் பிடுங்குவதைத்தான் பார்ப்போம் என்று எண்ணி வந்தார்கள். மருத்துவர் ஒரு நோயாளியின் கன்னத்தின் உட்புறத்தில் இருந்த வெள்ளைப் படலத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, புகையிலை மெல்லும் பழக்கம் பற்றி வெகுநேரம் விசாரித்தார். வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. அதன் முன் அறிகுறிகளை முதலில் பார்க்க வாய்ப்புள்ளவர் பல் மருத்துவர். திரும்பி வரும் வழியில் ஒரு மாணவி, “எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு டீச்சர். பல்லு டாக்டர்கிட்ட காட்டணும்னு எங்களுக்குத் தெரியல” என்றாள்.

அடுத்த ஆண்டுக் கலந்தாய்வில் அவளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் எட்டவில்லை, பி.டி.எஸ். இடம் இருந்தது. அவளுடைய அம்மா தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், எல்லாரும் இன்னொரு வருசம் எழுதச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, என்ன செய்யட்டும்?” நான் முடிவு சொல்லவில்லை. பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவள் விருப்பத்தைக் கேட்டேன். அவள் தயங்காமல், “நான் பாத்த வேலைதானே டீச்சர், எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள். இப்போது பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். இன்னொரு முறை எழுத விரும்பியிருந்தால் அதுவும் தவறில்லை. முடிவெடுக்கும் நேரத்தில் அவளுக்கு விவரம் தெரிந்திருந்தது என்பதே இதில் முக்கியம்.

அரசுக் கல்லூரிகளைப் பற்றியும் மாணவர்கள் அறிய வேண்டும். சென்னையில் 1953இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் உள்ள கல்லூரி, 2023இல் புதுக்கோட்டையில் திறக்கப்பட்ட கல்லூரி ஆகியவை இருக்கின்றன. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு.

முடிவு வரும் நாள்

தேர்வு முடிவு வரும் நாளில் நம் மாணவர்கள் தனியாக இருக்கக் கூடாது. முடிவு எப்படி இருந்தாலும் அன்று மாலைக்குள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசிவிடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். யார் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே ஆசிரியர்கள் பிரித்துக்கொள்கிறோம். மருத்துவம், பல் மருத்துவம் தவிர்த்த படிப்புகளின் பட்டியலும் அன்று கையில் இருக்கும். 104 மருத்துவ உதவி எண்ணும் 14417 கல்வி வழிகாட்டி எண்ணும் ஒவ்வொரு மாணவரின் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த மாதமே தொடங்கக் கூடியவை

ஒன்று முதல் ஐந்து வரை நடத்துவோர்: விடைக்கு முன் வினாவைத் திரும்பச் சொல்லவைத்தல், ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு 7.5 விழுக்காடு பற்றி விளக்குதல், பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்தல்.

ஆறு முதல் எட்டு வரை நடத்துவோர்: வாரம் பத்து அறிவியல் சொற்கள் இரு மொழியில், அறிவியல் எண்களைக் கொண்டு பின்னமும் அலகு மாற்றமும்.

ஒன்பது, பத்து நடத்துவோர்: அடுக்குக் குறி, கழித்தல் மதிப்பெண்ணை வைத்து நிகழ்தகவு, ஆதாரும் பள்ளிப் பதிவும் ஒப்பீடு, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழி என்ற விளக்கம்.

மேல்நிலை வகுப்பு நடத்துவோர்: பாடத்திட்ட ஒப்பீடு, தவறுக் குறிப்பேடு, பல் பிரிவுக்கு ஒரு நாள் பயணம்.

தவறுக் குறிப்பேட்டுக்கு 40 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். அடுத்த வகுப்புத் தேர்வின் விடைத்தாளைத் திருப்பித் தரும்போது, மதிப்பெண்ணுக்குக் கீழே அந்த நான்கு எழுத்துகளில் ஒன்றை மாணவரையே எழுதச் சொல்லிப் பாருங்கள். எந்த எழுத்து அதிகம் வருகிறது என்பதைப் பார்த்தாலே, அடுத்த வாரம் என்ன நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.